பத்து வாரம் தண்ணீரில்லாமல்

உங்கள் மேசையில் இருக்கும் அந்தச் செடிக்கு மேல்மண் காய்ந்திருக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள், எனக்குக் கண் முதலில் அங்கேதான் போகும். நீங்கள் வழக்குக் கோப்பு எடுக்க எழுந்து போனபோது, எனக்குக் குடிக்கக் கொடுத்த தண்ணீரில் பாதியை அதற்கு ஊற்றிவிட்டேன். காலையில்தான் ஊற்றினேன் என்றீர்கள். இருக்கட்டும். வாளைப் போல விறைத்து நிற்கிற இந்த வகைச் செடிகள் வாய் திறந்து கேட்பதில்லை. கேட்பதற்கு முன்னால் கொடுத்துவிடுவதுதான் இருபத்தாறு வருடமாக என் வழக்கம்.

என்னை யாரும் கூட்டிக்கொண்டு வரவில்லை. பேருந்து ஏறி நானே வந்தேன். என்னோடு வேலை செய்த அந்தத் தம்பியின் சாவை நீங்கள் விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள், தெரியும். அப்போது நான் சொன்னதில் சில இடங்கள் சரியில்லை. அதைத் திருத்த வேண்டியிருக்கிறது. நிதானமாகவே சொல்கிறேன். உங்கள் எழுத்தருக்குக் கை வலித்தால் சொல்லட்டும், நிறுத்திக்கொள்கிறேன்.

பூங்காவின் வடக்கு மூலையில் இருக்கிற கண்ணாடி வீட்டை நீங்கள் பார்த்தது கதவெல்லாம் திறந்து கிடந்த ஒரு காலையில். அது அதன் முகமே இல்லை. சாத்தியிருக்கும்போது உள்ளே வந்திருக்க வேண்டும். இரண்டடி வைப்பதற்குள் மூக்குக்கண்ணாடியில் ஆவி படரும். முன்கூடத்தில் பனை வகைகளும் பார்வையாளர்கள் உட்காரும் பெஞ்சும். அதைத் தாண்டினால் வெப்ப அறை. பெரணிகள், அந்தூரியம், இலையழகுக்காக வளர்க்கும் பெரிய இலைச் செடிகள். அதுதான் என் இடம். வெளியே பல் கிட்டிக்கிற குளிரிலும் அங்கே வெப்பமானி இருபத்துநாலுக்குக் கீழே இறங்க விடமாட்டேன். காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளை தரையில் தண்ணீர் அடிப்பேன். காற்றில் ஈரம் குறைந்தால் பெரணிக்கு இலைநுனிதான் முதலில் கருகும். என் செருப்பில் பூஞ்சை பிடிக்கும், தலைமுடி காயவே காயாது. ஆனால் என் பெரணிகளில் ஒரு நுனி கருகி யாரும் பார்த்ததில்லை. என்னைவிட மூத்தவர்கள்கூடக் கண்ணாடி வீட்டு அக்கா என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள்.

அந்த ஆர்க்கிட் என்னிடம் வந்தது இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால். ஓய்வு பெற்றுப் போன பழைய கண்காணிப்பாளர் ஒரு செருப்புப் பெட்டியில் வைத்து என் கையில் கொடுத்தார். கரும்பு மாதிரி கணுக்கணுவாகத் தண்டு விடுகிற வகை. அப்போது இரண்டே தண்டு, அடுப்புக்குச்சி போலக் காய்ந்திருந்தது. பிழைத்தால் பார்க்கலாம் என்றார். வெப்ப அறையில் நல்ல இடமாகப் பார்த்துத் தொங்கவிட்டு, தினமும் தண்ணீர், வாரம் தவறாமல் உரம் என்று பார்த்துக்கொண்டேன். வருடம் திரும்புவதற்குள் ஆறு தண்டு. பிறகு எண்ணுவதையே விட்டுவிட்டேன். இரண்டு கையாலும் அணைத்துத்தான் தூக்க முடியும் என்கிற அளவுக்குப் பெருத்தது.

பூ மட்டும் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கணுக்களில் குட்டிச் செடிகள் முளைக்கும். சின்ன இலை, நூல் மாதிரி வேர், எல்லாம் சரியாக இருக்கும். நான் பிள்ளைகள் என்று சொல்வேன். ஒவ்வொன்றையும் கிள்ளித் தனித் தொட்டியில் வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன். நூற்று நாற்பதுக்கு மேல் இருக்கும். தொட்டி மாற்றும் கொட்டகையில் வேலை செய்கிறவர்கள் அந்தச் செடிக்கு மலடி என்று பேர் வைத்திருந்தார்கள். இத்தனை பிள்ளை பெற்றதைப் போய் மலடி என்கிறீர்களே, உங்களுக்கு எப்படி வாய் வருகிறது என்று ஒருமுறை கேட்டேன். சிரித்தார்கள். அந்தப் பேர் மட்டும் போகவில்லை.

எனக்கு ஒரே மகள். உங்கள் வயதுதான் இருக்கும். அவளுக்குப் பன்னிரண்டு வயதாகும்வரை நான்தான் ஊட்டிவிடுவேன். மழை பெய்தால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டேன், வெயில் அடித்தாலும் யோசிப்பேன். பத்தொன்பது வயதில் வேலை என்று சொல்லிக்கொண்டு தூர ஊருக்குப் போனவள் அங்கேயே இருந்துவிட்டாள். மாதம் ஒருமுறை போன் செய்வாள். "நீ என்னப் பசிக்கவே விட்டதில்லம்மா," என்று ஒருமுறை சொன்னாள். இப்படிச் சொல்ல எத்தனை பிள்ளைகளுக்கு வாய்க்கும்.

தம்பி வந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். வேறு தோட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தார். முப்பத்துநாலு வயது. தலையில் எப்போதும் ஒரு கம்பளித் தொப்பி. வெப்ப அறைக்குள் வியர்வை காதோரம் ஒழுகினாலும் கழற்ற மாட்டார். வந்த மூன்றாம் நாளே தொப்பி என்று பேர் விழுந்துவிட்டது. அவரைப் பற்றி நான் இல்லாததைச் சொல்லப்போவதில்லை. நல்ல உழைப்பாளி, மரியாதை தெரிந்தவர். வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவார். என் அறைக்குள் வருவதற்கு முன்னால் வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் வருவார்.

தொட்டியைக் கையில் தூக்கி எடை பார்ப்பது அவர் பழக்கம். மண்ணைத் தொட்டுப் பார்க்க மாட்டார், தூக்கிப் பார்ப்பார். தூக்கிய உடனே இதற்கு எப்போது தண்ணீர் ஊற்றினார்கள் என்று சொல்லிவிடுவார். ஒருநாள் ஆர்க்கிட்டையும் அப்படித் தூக்கிப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. இதுக்குத் தண்ணி அதிகம்," என்றார்.

நான் கணுக்களில் இருந்த பிள்ளைகளைக் காட்டினேன். அவர் ஒன்றை விரலால் மெல்லத் தடவிவிட்டுச் சொன்னார்: "பூ வர வேண்டிய இடத்துலதான் இது வந்திருக்கு. வயிறு நிறைஞ்சுகிட்டே இருந்தா இது பூக்காதுக்கா. குளிர்காலத்துல இதுக்குப் பசிக்கணும்."

நான் குழாயை எடுத்துக்கொண்டு பெரணிப் பக்கம் போய்விட்டேன். அவரும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. ஒரு வருடம் முழுக்க அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அடுத்த குளிர்காலம் தொடங்கும்போது கண்காணிப்பாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, ஆர்க்கிட் வகைகள் எல்லாம் இனிமேல் தம்பியின் பொறுப்பு என்றார். கோரிக்கை தம்பியுடையதா என்று கேட்டேன். யாருடையதாக இருந்தால் என்ன என்றார். அவருக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்தது.

வெப்ப அறைக்குப் பின்னால், முன்காலத்தில் நிலக்கரி போட்டுவைத்த அறை ஒன்று உண்டு. நாலு பக்கமும் செங்கல் சுவர். உயரத்தில் கண்ணாடிக் கூரை, ஏணி போட்டாலும் எட்டாது. கனமான பலகைக் கதவு. தம்பி ஒரு வாரம் அதிலேயே கிடந்து, கரியைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்து, மரப்பெஞ்சு போட்டுச் சுத்தமாக்கினார். செடிகளுக்கு ஓய்வு அறை என்று பேர் வைத்தார். குளிர்ச்சியும் வெளிச்சமும் வேண்டும், ஈரம் ஆகாது என்று சொல்லி, உள்ளே வந்த தண்ணீர்க் குழாயை வெளியிலேயே வெட்டி மூடிவிட்டார். செடியைக் கொண்டுபோகிற அன்று, நீங்களே கையால் வைத்துக் கொடுங்களேன் அக்கா என்று என்னைக் கேட்டார். எனக்குப் பெரணிகளுக்கு மருந்து கலக்குகிற வேலை இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பளபளவென்று இருந்த தண்டுகள் சுருங்கி, வரிவரியாக, நெடுநாள் படுத்திருந்த நோயாளியின் விரல்களைப் போல ஆகிவிட்டன. அவர் தினமும் போய்ப் பார்ப்பார், தூக்குவார், வைப்பார், வருவார். ஒரு சொட்டு ஊற்ற மாட்டார். மூன்று நாள் அவர் சாப்பிடப் போன நேரத்தில் நான் போய் ஊற்றிவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை தூக்கிப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் அந்தக் கதவுக்கு வெளிப்பக்கமாக ஒரு இரும்புத் தாழ்ப்பாளும் பூட்டும் வந்தன.

"உங்களுக்காகப் போடலக்கா. காத்துல கதவு திறந்துக்குது," என்றார்.

அந்தக் கதவைத் திறக்க இரண்டு கையும் வேண்டும். எந்தக் காற்றும் அதை அசைக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னை அவமானப்படுத்தக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னார். அந்த அளவுக்கு நல்லவர்.

பத்தாவது வாரம் அவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கண்காணிப்பாளரிடம்கூட இன்னும் சொல்லவில்லை என்றார். போய்ப் பார்த்தேன். இலையில்லாத தண்டுகளில், கணுவுக்குக் கணு, அரிசி அளவுக்குப் பச்சை மொட்டு. இருபத்திரண்டு வருடம் நான் பார்க்காதது. தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது.

"பயத்துல பூக்குது தம்பி. செத்துடுவோம்னு நினைச்சுப் பூக்குது," என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "இருக்கலாம்கா," என்றார். "ஆனா பூக்குதே."

இந்த இரண்டு வார்த்தையை நான் நிறைய நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். பிறரைத் தவிக்கவிட்டுத்தான் அழகைப் பார்க்க வேண்டும் என்றால் அந்த அழகு எதற்கு. இதை அவரிடம் கேட்கவில்லை. இப்போது உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்.

மூன்று வாரத்தில் முழுக்க மலர்ந்தது. அறுபத்தெட்டுப் பூ. வெள்ளை இதழ், ஓரத்தில் கத்தரிப்பூ நிறம், தொண்டையில் கரும்புள்ளி. முன்கூடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். கூட்டம் வந்தது. பத்திரிகைக்காரர் படம் எடுத்துக்கொண்டு போனார். தம்பியின் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு வந்திருந்தார். இவர் எப்போதும் உங்களைப் பற்றித்தான் வீட்டில் பேசுவார் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. குழந்தைக்கு ஐந்து வயது இருக்கும். இந்தப் பூவை நீங்களா வளர்த்தீர்கள் என்று என்னை அண்ணாந்து பார்த்துக் கேட்டது. நான் பதில் சொல்வதற்குள் கொட்டகை ஆள் ஒருவர், இது உங்கப்பா பூ என்று சொல்லிவிட்டுப் போனார். மலடி என்கிற பேர் அன்றோடு போய்விட்டது. இப்போது அதன் பேர் தொப்பியின் பூ.

அதற்காக அவரைக் கொன்றேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் அவ்வளவு சின்ன மனுஷி இல்லை. காரணம் அடுத்த வாரம் வந்தது. தம்பி என் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார். இரண்டு பாத்திகளில் பெரணி வேர் அழுகுகிறது அக்கா, தரையில் தண்ணீர் அடிப்பதை ஒரு வேளையாகக் குறைத்து, பகலில் சாளரங்களைக் கொஞ்சம் திறந்துவைத்துப் பார்க்கலாமா, கண்காணிப்பாளர் சரி என்றிருக்கிறார் என்றார். ஒரு வேரைப் பிடுங்கிக் காட்டினார். கறுத்து, பிசுபிசுவென்று இருந்தது. அது வயதான பெரணி, வயதானால் வேர் அப்படித்தான் இருக்கும் என்றேன். அவர் தலையாட்டினார். அவர் கண் என் அறை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வந்ததைப் பார்த்தேன். அடுத்த குளிர்காலத்தில் இங்கே எதையெல்லாம் தவிக்கவிடப்போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. என்னை நம்பி அங்கே நானூறு உயிர் இருந்தன. எனக்குக் கோபம் வரவில்லை. தரையில் சாயங்காலத் தண்ணீரை அடித்தேன், குழாயைச் சுருட்டி வைத்தேன், அதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

மாவுப்பூச்சி கண்ணாடி வீட்டுக்குள் எப்படி வந்தது என்று அப்போது கேட்டீர்கள். தம்பி வாங்கிவந்த புதுச் செடிகளில் வந்திருக்கும் என்று சொன்னேன். அது சரியில்லை. என் வீட்டு மாடிக்குப் பக்கத்தில் பராமரிப்பில்லாத ஒரு செம்பருத்தி நிற்கிறது. அதிலிருந்து வெள்ளைப் பஞ்சு அப்பிய ஒரு கிளையை ஒடித்து, சாப்பாட்டு டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தேன். பத்து நாளில் முன்கூடத்துப் பனைகளில் பரவிவிட்டது. வார இறுதியில் மலர்க் காட்சி. அதற்குள் பூச்சிமருந்துப் புகை போட்டே ஆக வேண்டும் என்று கண்காணிப்பாளர் உத்தரவு போட்டார்.

புகை போடுவது எனக்குப் புதிது இல்லை. சாளரங்களை எல்லாம் அடைத்து, இடைவெளிகளில் துணி செருகி, உள்கோடியிலிருந்து வாசல்வரை மருந்து டப்பாக்களை வரிசையாக வைக்க வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் போய் யாராவது இருக்கிறீர்களா என்று குரல் கொடுக்க வேண்டும். பிறகு உள்ளேயிருந்து ஒவ்வொன்றாகப் பற்றவைத்துக்கொண்டே வெளியே வந்து, கதவைப் பூட்டி, எச்சரிக்கைப் பலகை மாட்டி, பதிவேட்டில் உள்ளே யாரும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் காலைவரை யாரும் திறக்கக்கூடாது. வருடத்துக்கு மூன்று நாலு தடவை செய்திருக்கிறேன். இதுவரை ஒரு குறை வந்ததில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நாலரைக்கு மற்றவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். காவலாளி பூங்காவின் பெரிய வாசலில் இருந்தார். புகை பட்டால் மலர்ந்த பூ கருகிவிடும். அதனால் மதியமே தம்பி ஆர்க்கிட்டைத் தூக்கிக்கொண்டுபோய் அலுவலகத்தில் வைத்திருந்தார். ஐந்து மணிக்கு அவர் என்னிடம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார், பிறகு எதையோ மறந்து பின்வாசல் வழியாக அவராகவே உள்ளே போயிருக்க வேண்டும், நான் குரல் கொடுத்தேன், பதில் வரவில்லை என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன். அதில் அவர் சொல்லிக்கொண்டு கிளம்பினார் என்பதுவரை உண்மை.

அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நான்தான் போய்ச் சொன்னேன். "தம்பி, உங்க ஆர்க்கிட்ட யாரோ மறுபடியும் ஓய்வு அறையில கொண்டுபோய் வச்சிருக்காங்க. நான் இப்போ பத்தவைக்கணும்."

சைக்கிளை அப்படியே புல்லில் சாய்த்துவிட்டு ஓடினார். ஒரு நிமிஷம் பொறுங்கள் அக்கா என்று சொல்லிக்கொண்டே ஓடினார். யார் வைத்தது என்றுகூடக் கேட்கவில்லை. வைத்தது நான். அவர் கை கழுவப் போயிருந்த நேரத்தில், அறுபத்தெட்டுப் பூவில் ஒன்றுகூட உதிராமல் தூக்கிக்கொண்டுபோய், பெஞ்சின் கோடியில் வைத்துவிட்டு வந்திருந்தேன். அந்த அறை காலியாகிவிட்டதால் அப்போது பூட்டு இல்லை. தாழ்ப்பாள் மட்டும் இருந்தது.

நான் பின்னாலேயே நடந்தேன். ஓடவில்லை. அவர் அறைக்குள் போய்ப் பெஞ்சுப் பக்கம் திரும்பியதும், வாசலுக்கு உள்பக்கமாக வைத்திருந்த டப்பாவைப் பற்றவைத்தேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினேன். அவரே எண்ணெய் போட்டு வைத்திருந்தார், சத்தமில்லாமல் போய் விழுந்தது. பிறகு மற்ற டப்பாக்களை முறைப்படி ஒவ்வொன்றாகப் பற்றவைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பூட்டினேன், பலகையை மாட்டினேன், கையெழுத்துப் போட்டேன்.

கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டதா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டது. செங்கல் சுவரும் இரண்டு கதவும் நடுவில் இருந்ததால் பெரிதாகக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருந்தது. கொட்டகையில் உட்கார்ந்து தேநீர் போட்டுக் குடித்தேன். குடித்து முடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறபோது சத்தம் நின்றிருந்தது. அவருடைய சைக்கிளை எடுத்துக் கண்ணாடி வீட்டின் பின்வாசலில் சாய்த்துவைத்தேன்.

ஆறரை மணிக்குப் பேருந்தில் வரும்போது அவர் மனைவி போன் செய்தார். "அக்கா, அவர் இன்னும் வரல. போனும் எடுக்கல. அங்க இருக்காரா?" என்று கேட்டார். போன் அவர் சைக்கிள் பையில்தான் இருந்தது.

"அஞ்சு மணிக்கே கிளம்பிட்டாரேம்மா. பூ பூத்த சந்தோஷம், வழியில யார்கிட்டயாவது பேசிட்டு இருப்பார். வந்துடுவார்," என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு வைத்தார். அந்த நேரத்தில் அவரைக் கலவரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், படுத்தேன். நன்றாகத் தூங்கினேனா என்றால், ஆமாம்.

காலையில் காவலாளிக்கு முன்னால் நான் போய்விட்டேன். சாளரங்களைத் திறந்தேன், தாழ்ப்பாளை விலக்கினேன், அதற்குப் பிறகுதான் காவலாளியைக் கூப்பிட்டேன். கதவின் உள்பக்கம் கீறல்கள் இருந்ததை நீங்கள் விரலால் தடவிப் பார்த்தீர்கள். நிலக்கரி அறைக் கதவு, மண்வெட்டி பட்டு எத்தனையோ கீறல் இருக்கும் என்று சொன்னேன். எழுதிக்கொண்டீர்கள்.

ஒன்றை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. தம்பி கதவுக்குப் பக்கத்தில் கிடந்தார். உடம்பில் கம்பளிச் சட்டை இல்லை, தலையில் தொப்பி இல்லை. அன்றைக்குத்தான் அவர் தலைமுடியை முதல் தடவை பார்த்தேன், முன்பக்கம் நிறைய நரைத்திருந்தது. சட்டை ஆர்க்கிட்டின் மேல் கூடாரம் மாதிரி போர்த்தியிருந்தது. மேலே இருந்த இடைவெளியைத் தொப்பியால் அடைத்திருந்தார். எடுத்துப் பார்த்தோம். ஒரு இதழின் ஓரம்கூடக் கருகவில்லை. அந்தக் கனமான சட்டையை டப்பாவின் மேல் போட்டு அமுக்கியிருந்தால் புகை பாதி அடங்கியிருக்கும். மூக்கையாவது பொத்திக்கொண்டிருக்கலாம். நான் தெரியாமல் பூட்டிவிட்டேன், இதோ வந்து திறந்துவிடுவேன் என்று முதலில் நினைத்திருப்பார், அதுவரை பூ கெடாமல் இருக்கட்டும் என்று பார்த்திருப்பார். என்ன செய்வது என்று தேர்ந்தெடுக்க அவருக்கு நேரம் இருந்தது. அவர் தேர்ந்தெடுத்தார். அதில் என் பங்கு எதுவும் இல்லை.

கண்காணிப்பாளருக்குத் தண்டனை மாற்றல் வந்தது. எனக்கு வருத்தம்தான், ஆனால் அவர் பதிவேட்டைச் சரிபார்க்காதது அவர் தப்பு. வெப்ப அறைச் சாளரங்களைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. நான்கு மாதம் எல்லாம் அமைதியாகப் போனது.

போன வாரம் புதுக் கண்காணிப்பாளர் முன்கூடத்தில் ஒரு பித்தளைப் பலகை பதித்தார். தம்பியின் படமும் பேரும். கீழே, இந்த ஆர்க்கிட்டை வளர்த்து மலரவைத்தவர் நினைவாக என்று இருந்தது. தம்பியின் மனைவி வந்திருந்தார். குழந்தை பலகையைத் தடவித் தடவிப் பார்த்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வளர்த்து என்கிற வார்த்தையை வீட்டுக்குப் போயும் என்னால் மறக்க முடியவில்லை. பத்து வாரம் பட்டினி போட்டவரை வளர்த்தவர் என்று பித்தளையில் வெட்டிவிட்டார்கள். நான் உயிரோடு இருக்கும்போதே இப்படி என்றால், பிறகு வருகிறவர்களுக்கு எது உண்மை என்று எப்படித் தெரியும். அதிகாரிகளிடம் போய்ச் சொன்னால் பொறாமை என்பார்கள். எழுத்தில் பதிகிற இடம் இது ஒன்றுதான். அதனால்தான் வந்தேன்.

இது என்ன அட்டை. அவர் சட்டைப் பையில் இருந்ததா. நான் பார்த்ததில்லை, கொடுங்கள். தம்பியின் எழுத்துதான். கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துத்தான் எழுதுவார். மலர்க் காட்சிக்காக, செடிக்குப் பக்கத்தில் வைக்க எழுதியிருக்கிறார்.

சத்தமாகப் படிக்கச் சொல்கிறீர்கள். படிக்கிறேன். "இரண்டு தண்டாக வந்த இந்தச் செடியை இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு நாளும் தவறாமல் காத்து வளர்த்தவர், எங்கள் கண்ணாடி வீட்டு அக்கா. குளிர்காலத்தில் பத்து வாரம் தண்ணீரில்லாமல் ஓய்வு கொடுக்கப்பட்டது. இவ்வளவு பூக்கும் பலம் அதற்கு அவர் கொடுத்தது."

அவ்வளவுதான். அவர் பேர் எங்கேயும் இல்லை.

இல்லை, எனக்குத் தண்ணீர் வேண்டாம். இதை முன்னாலேயே பார்த்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கிறீர்கள். யோசித்துத்தான் சொல்ல வேண்டும். நன்றாக எழுதியிருக்கிறார், நியாயமாக எழுதியிருக்கிறார். ஆனால் நடுவில் அந்தப் பத்து வாரத்தைச் சேர்த்திருக்க வேண்டியதில்லை. படிக்கிறவர்கள் அதையும் நான் செய்ததாக அல்லவா நினைப்பார்கள். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டு, மீதியை அப்படியே பித்தளையில் வெட்டச் சொல்லுங்கள்.

இனி எழுத்தர் எழுதலாம். கண்ணாடி வீட்டில் அந்தத் தம்பியைத் திட்டம் போட்டு அறைக்குள் அனுப்பி, புகை போட்டு, வெளியே தாழிட்டுக் கொன்றது நான்தான். யாரும் தூண்டவில்லை, யாரும் உதவவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் அதற்கு மேலே, முதல் வரியாக, இதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். என் பொறுப்பில் இருந்த எந்த உயிரையும் நான் ஒரு நாள்கூடத் தவிக்கவிட்டதில்லை.